எண் சீட்டுக்கு அடியில்

மத்தியானம் ஒரு மணிக்கு வந்தவள் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மூன்று மணிக்குள் தன்னையும் தன் கணவனையும் தெருவில் நிறுத்திவிடுவார்கள் என்று நின்றபடியே சொன்னாள். கணவனுக்குக் கைகால் விழுந்து நாலு வருடம் ஆகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்பதுதான் காலையிலிருந்து அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவரைத் தெருவில் எல்லோரும் 'சாவகாசம்' என்பார்கள். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் விபத்துகளை விசாரித்தவர். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது அவர் மனைவியின் புகார். மனைவியின் தம்பி நேர் எதிர். வாசல் மணி அடிக்கும்போதே குற்றவாளி யாரென்று முடிவு செய்துவிடுவான்.

பழைய கண்ணாடிப் பாட்டில்கள் சேகரிப்பவர்களின் சங்கத்தில் அவள் பதினோரு வருடமாகப் பாட்டில் துடைக்கிறாள். மண்டபத்துக்குப் பின்னாலுள்ள அறையில்தான் குடித்தனம். சங்கத்தின் பொக்கிஷம் ஒன்றாம் எண் மருந்து பாட்டில், தண்ணீர் போலத் தெளிந்தது. இருட்டு அலமாரியில் இருக்கும் அதை வருடத்துக்கு ஒருமுறை, ஆண்டுக் கூட்டத்தன்றுதான் வெளியே எடுப்பார்கள். இன்று காலை திறந்தால், பாட்டில் ஊதா நிறமாக இருந்தது.

அந்தக் காலத்துக் கண்ணாடியில் பச்சைச் சாயல் போக மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிப்பட்ட பாட்டில் வெயிலில் நெடுநாள் கிடந்தால் ஊதாவாகும். அது வயசு தரும் அழகு என்று சங்கத் தலைவரும் பாதிப் பேரும் சொல்வார்கள். அது சீரழிவு, பாட்டிலைக் கொன்றதற்குச் சமம் என்று செயலாளரும் மீதிப் பேரும் சண்டைக்கு வருவார்கள். அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று செயலாளரிடம், இன்னொன்று இவளிடம். பாட்டிலை எடுத்துப்போய் வருடம் முழுக்கத் தன் அறை ஜன்னலில் அழகுக்கு வைத்திருந்தாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம்னு செயலாளர் சொன்னாரு சார். படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப மூணு மணிக்கே காலி பண்ணுங்கறாங்க. அவரு படுக்கையில கிடந்து, என்னை விட்டுட்டு நீ எங்கயாவது போயிடுங்கறாரு."

சாவகாசம் செருப்பைத் தேடினார். அன்று கொஞ்சம் வேகமாகவே தேடினார் என்று சொல்ல வேண்டும்.

அவளுடைய அறை ஜன்னலில் ஒரு சோடா பாட்டிலில் கொடி வளர்ந்திருந்தது. கட்டிலில் கிடந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் துணிமூட்டை கட்டித் தயாராக இருந்தது. மைத்துனன் கொடியைக் காட்டி, பாட்டிலை ஜன்னலில் வைக்கும் பழக்கம் இவளுக்கு உண்டு, கதை முடிந்தது என்று காதைக் கடித்தான்.

மண்டபத்தில் சாவகாசம் ஊதா பாட்டிலைக் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தருகே சின்னக் காகிதச் சீட்டு, அதில் சிவப்பு மையில் 'ஒன்று'. முத்து முத்தான எழுத்து என்று மைத்துனன் வியந்தான். எல்லாப் பாட்டில்களுக்கும் செயலாளர்தான் எழுதி ஒட்டுவார் என்றாள் அவள். இன்றைய கூட்டம் எதற்கு என்று சாவகாசம் விசாரித்தார். ஊதா பாட்டில்களைச் சங்கத்திலிருந்தே விலக்கவேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவருகிறாராம். போன வருடம் அது இரண்டு ஓட்டில் தோற்றது.

மூன்று மணிக்கு எல்லோரும் கூடினார்கள். அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் மேசைமேல் இருந்தது. சாவகாசம் ஈரப் பஞ்சால் சீட்டை நனைத்து, பொறுமையாக உரித்தார்.

"ஐயா, நீங்க ஊதா பாட்டில் நிறைய பார்த்தவரு. வருஷக்கணக்கா வெயில்ல இருந்த பாட்டில்ல, சீட்டு இருந்த இடம் எப்படி இருக்கும்?" என்று தலைவரைக் கேட்டார்.

"நிழல் விழுந்த மாதிரி வெளுத்துத் தெரியும்," என்ற தலைவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இங்க ஒரே ஊதாவா இருக்கே."

"அப்ப, நிறம் மாறின பிறகு ஒட்டின சீட்டு இது. சிவப்பு மையும் கொஞ்சம்கூட வெளுக்கலை. உங்க பாட்டில்னா சீட்டோடவே வெயில்ல இருந்திருக்கும், நிழல் விழுந்திருக்கும். இது உங்க பாட்டிலே இல்லை."

மைத்துனன் தாவினான். "நல்லதை இந்தம்மா வித்துட்டு..."

"இருப்பா மாப்ளே. திருடறவங்க இன்னொரு வெள்ளை பாட்டிலைத்தானே வைப்பாங்க? அலமாரியைத் திறந்ததும் எல்லாரும் பதறணும்னு நினைச்சவர்தான் ஊதாவை வைப்பாரு. பதறினா அந்தத் தீர்மானம் ஜெயிக்கும். சாவியும் வேணும், சீட்டு எழுதற கையும் வேணும். ஊதா பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறவருக்குத்தான் சீட்டுக்கு அடியில நிழல் விழும்ங்கிறது தெரியாம போகும்."

செயலாளர் எழுந்து தன் அறைக்குப் போய், கறுப்புத் துணி சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"நிஜ பாட்டிலையே ஒரு வருஷம் வெயில்ல வெச்சிருந்தா உங்களை யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது," என்றார் சாவகாசம்.

"அது எப்படி சார், மனசு வரும்?" என்றார் செயலாளர். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

துணி விலகியதும் இரண்டு கட்சிக்காரர்களும் முண்டியடித்துக்கொண்டு பாட்டிலைச் சூழ்ந்தார்கள். கீறல் விழுந்திருக்கிறதா என்று ஒருவர் பதறினார். விளக்கை அணைக்கச் சொல்லி இன்னொருவர் கத்தினார். நாலு வருட நோயாளியைத் தெருவில் போட இருந்தவர்கள் இவர்கள்தான். அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அவள் மேசைமேலிருந்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாவகாசத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அவருகிட்ட சொல்லணும் சார்," என்றாள் பிறகு. "மூட்டையை அவிழ்க்கறேன்னு சொல்லணும்." அறைப் பக்கம் ஓடினாள்.