கழித்த பிறகு மிஞ்சியது

"டீ வேணுமான்னு கேட்டது ஒரு குத்தமாடா?"

"கேட்டது குத்தமில்லக்கா, மெசேஜ்ல கேட்டதுதான்…"

"நீதானே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கே…"

"நாலாவது பாட்டு நடுவுல டிங்குனு விழுந்திருக்கு. எல்லாம் பாழ்."

இணையத்தில் ஓடுகிற பாட்டை மைக்கே வைக்காமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிகிறவனுக்குக் கதவு எதற்கு என்று அக்கா கேட்டாள். ஒலிப்பொறியாளர் பழக்கம் என்றான் தம்பி.

மணி நாலு. சின்னவள், அவர்களுடைய தங்கை, பாடிய ஒரே ஆல்பத்தை ஆறு மணிக்கு இணையத்திலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். வெளியிட்ட நிறுவனத்தை மூடிவிட்டார்கள். தம்பியிடம் இருந்த மூலப்பதிவு, டிஸ்க் கெட்டபோது அதோடு போனது. பாடியவள் இறந்தும் நாலு வருஷம். இந்த எட்டுப் பாட்டும் போனால் அவள் குரல் எங்கேயும் இல்லை.

ஏதோ ஒரு எம்பி3 கிடைத்தால் போதாதா, யார் காதுக்குத் தெரியப்போகிறது என்பது அக்காவின் கட்சி. எம்பி3 மெல்லிய சத்தங்களையெல்லாம் தின்றுவிடும், அவள் மூச்சு இழுப்பதுகூட ஒரு துளி குறையாமல் வேண்டும் என்பது இவன் கட்சி. அறிவிப்புச் சத்தங்களை அணைத்துவிட்டு முதலிலிருந்து பதிந்தான்.

ஐந்து மணிக்கு இரண்டாவது பிரதி தயார். சோதிக்க அவனிடம் ஒரு வழி உண்டு. ஒரு பிரதியின் அலையைத் தலைகீழாக்கி மற்றதன்மேல் வைப்பான். இரண்டும் ஒன்றானால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மௌனம் மட்டும் மிஞ்சும். எங்கே பிசகோ அங்கே சத்தம் கேட்கும்.

முதல் மூன்று பாட்டுக்கும் மௌனம். நாலாவதில் டிங்.

"என் டீ," என்றாள் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மௌனம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

யாரோ மூச்சு இழுத்தார்கள்.

இரைச்சலாக இருக்கும் என்று முனகிக்கொண்டே, அந்த ஒரு பாட்டை மட்டும் மூன்றாம் தடவை பதிந்து, இரண்டாவதோடு வைத்துக் கழித்தான். இப்போது மூச்சு இன்னும் சிரமப்பட்டது. நெஞ்சுக்குள் ஏதோ கீறிக்கொண்டு வெளியே வந்தது. சாத்திய அறையில் தைல வாசனை பரவியது.

கடைசி வாரம் சின்னவளின் படுக்கையருகே உட்கார்ந்திருந்தவள் அக்கா. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"ஜுரத்தோட பாடினது இந்தப் பாட்டுதானே?"

அவன் தலையாட்டினான்.

"எத்தனை தடவை பாட வச்சே?"

பதினேழு என்றான். சுதி துளி கீழே நிற்கிறது, வார்த்தை தேய்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொல்லியிருந்தான். அவள் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவில்லை.

அக்காவின் குரல் தணிந்தது. "இது பழைய பதிவு இல்லடா. நீ ஓட விடுற ஒவ்வொரு தடவையும் அவ புதுசா பாடுறா. நிறுத்து."

"நிறுத்தினா அவ குரலே இல்லாம போயிடும்க்கா."

"மூச்சு விட முடியாம பாடுறாடா."

மூன்றாம் பிரதியும் சரியில்லை என்று நாலாம் தடவையாகப் பாட்டை ஓடவிட்டான். பல்லவிகூட முடியவில்லை, பாட்டு அறுந்தது. திரையில் ஆல்பத்தின் பக்கம் காலி. மணி ஆறு.

பதிவு நிற்கவில்லை.

எந்தப் பாட்டும் ஓடாத கம்ப்யூட்டரில், சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக்கோடு மெல்ல ஏறியது, இறங்கியது. ஏறியது.

அவன் கை மவுஸின்மேல் அப்படியே இருந்தது. அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் ஒரு நீளமான மூச்சு. பிறகு கம்மிய குரல், கெஞ்சலாக:

"இப்பவாவது சரியா வந்துச்சாண்ணா?"