குழாயில் பல் தடம்

"14 நவம்பர், வியாழன். ஒரு தவறு செய்துவிட்டேன். அளந்து பார்க்காமலே பூனைமேல் பழி போட்டேன்."

நோட்டில் எழுதியது சரிதானா என்று ரூத் இரண்டு முறை படித்தாள். மூச்சு மெஷினிலிருந்து நைனாவின் முகமூடிக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயில் திங்கட்கிழமை ஒரு கடி இருந்தது. அன்றே டேப் சுற்றினாள். பேஜாரு என்ற அந்தப் பூனையை மாடிவீட்டு சாராவிடம் விட்டுவந்தாள். இன்று டேப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடி.

தூக்கத்தில் அவள் அப்பா ஸ்டானிஸ்லாஸின் மூச்சு மணிக்கு நாற்பது தடவை நின்றுபோகும். மெஷின் தள்ளும் காற்றுதான் அதை ஓட்டுகிறது. ஓர் இரவுகூட நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பேஜாரு திரும்ப வந்து கடிச்சிருக்கும்மா," என்றார் அவர், முகமூடிக்கு முகத்தை நீட்டிக்கொண்டே. "கொஞ்சம் காத்து கேக்குது. குட்த்தா இன்னா கொறஞ்சுடும்?"

"குட்த்தா நீ போய்டுவ நைனா. ஆடாம இரு, மாட்டணும்."

"ஹார்பர்ல கிரேன் குட்த்தானுங்க. நீ மூஞ்சில இத்த மாட்டி வூட்லயே ஏரோபிளேன் ஓட்ட வுட்ட."

சிரித்தபடியே தூங்கிப்போனார்.

மாலை வகுப்பில் மின்பணி படிக்கிறவள் அவள். பழுதைப் பார்த்துவிட்டுத்தான் காரணம் எழுத வேண்டும் என்று பழகியிருந்தாள். பேஜாரு முன்பு கடித்த இயர்போன் ஒயரை எடுத்துவந்தாள். அதில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள். குழாயில் இருந்ததோ தட்டையான பள்ளங்கள், ஒரு வளைவாக, நடுவில் சின்ன ஓட்டை. பழைய குழாய்த் துண்டு ஒன்றைத் தானே கடித்துப் பார்த்தாள். அதே வளைவு. குழாயில் இருந்தது அவளுடையதைவிட அகலம்.

இரண்டாவது கடிக்கும் டேப் சுற்றிவிட்டு விளக்கை அணைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். பிளக்கும் மெஷினும் எதிர்ச்சுவர் ஓரம் இருப்பதால் குழாய் கட்டிலுக்கடியில் புகுந்து மேலே வந்தது. கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் கூட்ஸ் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்து, அந்தச் சத்தம் வரிசையாக ஓடித் தேய்ந்தது. ஜன்னல் வழியாக டீசல் வாடை வந்தது. அதற்கும் கீழே, தரையோடு தரையாக, நெடுநாள் மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியின் வாடை ஒன்று ஊர்ந்துவந்தது. ஒருவேளை என் கற்பனையோ என்று நினைத்தாள்.

டேப் உரியும் சத்தம்.

உஸ்ஸென்று காற்று கசிந்தது. சட்டென்று நின்றது.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நைனாவின் மார்பு எழவில்லை.

எண்ணினாள். ஐந்து. எட்டு. பதினொன்று.

கட்டிலுக்கடியில் ஏதோ நிதானமாக விழுங்கியது.

ஓடிப்போய்விடலாம் என்று கால்கள் சொல்லின. அவள் குனியவில்லை, பார்க்கவும் இல்லை. வலது கையை உள்ளே விட்டாள். குழாயைத் தடவினாள். ஈரம். குளிர்ந்த, தடித்த உதடுகள். அவற்றுக்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ளங்கையைத் திணித்து அழுத்தினாள்.

மேலே நைனா பெரிதாக மூச்சிழுத்தார். மார்பு எழுந்தது. தணிந்தது. மறுபடி எழுந்தது.

அவள் புறங்கையில் பற்கள் வந்து பதிந்தன. அவசரமில்லாமல். ஒவ்வொன்றாக.

"கடிச்சுக்கோ," என்றாள். "இது எங்க நைனா மூச்சு. உனுக்கு ஒரு வாய் கூட கெடையாது. கைய எடுக்க மாட்டேன். இன்னா பண்ணுவ?"

பற்கள் இறங்கின. மணிக்கட்டு வழியாகச் சூடாக ஏதோ வழிந்தது. கையை எடுக்கவில்லை.

ஜன்னல் வெளுக்க இன்னும் நேரமிருந்தது. இடது கையால் நோட்டை இழுத்துத் தொடைமேல் வைத்தாள். வலது கையின் விரலிடுக்குகளில் ஒரு நாக்கு, நீளமாக, மெல்ல வழி தேடிக்கொண்டிருந்தது. எழுத்துகள் கோணலாக விழுந்தன.

"நாளைய வேலை: விடிந்ததும் நைனாவை எழுப்பி வெளியே உட்காரவைக்க வேண்டும். பிறகு கட்டிலை நகர்த்த வேண்டும்."