மும்முறை சொன்ன சொல்

வெள்ளாற்றின் மேல் மாலை இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே செவ்வானம் அணையுமுன்பே கிழக்கே முழுமதி எழ, கரையோர நாணற்பூக்கள் ஒருபுறம் சிவந்தும் மறுபுறம் வெளுத்தும் நின்றன. வடகரையில் அரவங்கோட்டையின் மதில் மட்டும் இரண்டு ஒளிக்கும் இடம் கொடாமல் கறுத்துக் கிடந்தது. அழகை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வோம், வாசகர்களே. மதிலுக்குள் ஒருவனுடைய குற்றத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைத் தலைவர் விழுப்பரையரின் முன்னால், கைகள் கட்டப்பட்டு நின்றான் குவாவன். குதிரை வணிகன் என்று ஒரு மாதமாகக் கோட்டை அறிந்தவன்.

"அகழிக்குள் கல் கட்டிய நூலை விட்டுக்கொண்டிருந்தான், ஐயனே" என்றான் காவல் தலைவன் நக்கன். "குதிரை விற்க வந்தவன் மீன் பிடிக்கிறானே என்று கிட்டப் போனேன். நூலில் முள்ளே இல்லை. பாவம், மீனுக்குப் பதில் நான் வந்து மாட்டினேன்."

அவை சிரித்தது. விழுப்பரையர் சிரிக்கவில்லை.

"நம் அகழியின் ஆழம் தென்கரை மன்னனுக்குத்தான் வேண்டும். எழுத்தரே, ஒற்று என்று எழுதும்."

அந்நாட்டில் குற்றத்தின் பெயரே தீர்ப்பு. ஒற்று என்றால் தலை. களவு என்றால் வலக்கை, பிறகு நாடுகடத்தல். பொய்ச்சாட்சி என்றால் நாக்கு. ஓலையில் எழுதிய பெயரைக் குற்றவாளி தன் வாயால் மூன்று முறை சொல்லவேண்டும். மறுப்பு இருந்தால் அதற்கு முன்பே. பிறகு எவராலும் மாற்றமுடியாது.

குவாவன் மறுக்க வாய் திறந்தான். அதற்குள் திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒற்றனல்லன், தந்தையே. கள்வன். என் முத்துச்சரத்தைத் திருடியவன். இடைக்கச்சையில் பாருங்கள்."

தலைவரின் ஒரே மகள் உமைநங்கை. பார்த்தார்கள், சரம் இருந்தது. நேற்று அந்தியில் நந்தவனத்தில் அவளே அதை அவன் உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தாள். கை போனாலும் தலை நிற்குமே என்று எண்ணினாள், பேதை.

"மறுப்பு உண்டா?" என்றார் விழுப்பரையர்.

குவாவன் திரையைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கினான்.

"இல்லை. நான் கள்வன்."

இன்னும் இருமுறை சொன்னான்.

நாடு கடத்தப்படுமுன் கள்வன் தன் கையாலேயே பொருளை உரியவரிடம் திருப்பித் தரவேண்டும் என்பதும் வழக்கம். நிலவு ஏறியபோது ஓடத்துறையில் உமைநங்கை நின்றாள். சற்றுத் தள்ளி அவள் தந்தை. குவாவன் இடக்கையால் சரத்தை நீட்டினான். வலக்கை இருந்த இடத்தில் எண்ணெயும் இரத்தமும் ஊறிய துணி.

"ஒற்றனாகவே இருந்தாலும் உயிரோடு போய்ச் சேருங்கள்" என்றாள் மெல்ல.

"நான் ஒற்றனல்லன், தேவி."

"அப்படியானால் அந்த நூல்?"

"தங்களுக்கு நீந்தத் தெரியாது என்றீர்களே. எவ்விடத்தில் நீர் தங்கள் கழுத்துக்குக் கீழே நிற்கும் என்று பார்த்தேன். என்னோடு வருவீர்களா என்று நாளை கேட்பதாக இருந்தேன்."

அதற்குள் தென்கரையிலிருந்து வெள்ளைக்கொடி கட்டிய ஓடம் ஒன்று துறையை அடைந்தது. முதிய அமைச்சர் ஒருவர் அவசரமாக இறங்கினார்.

"அரையரே! எங்கள் பட்டத்து இளவரசர் மாறுவேடத்தில் வந்து உம்மிடம் சிக்கினார். அக்கரையிலிருந்து எங்கள் ஆள் பார்த்திருக்கிறான். ஒற்றன் என்றே வைத்துக்கொள்ளும். எங்கள் சிறையிலுள்ள உம் வீரர் இருநூற்றுவரையும் விடுகிறோம். அவரை ஊனமின்றித் தாரும். நாளை மறுநாள் முடிசூட்டு."

உறுப்புக் குறைந்தவனுக்கு இரு கரையிலும் முடி சூட்டுவதில்லை.

அமைச்சரின் கண்கள் கள்வனின் முகத்தில் நின்றன. பின் துணிக்கட்டுக்கு இறங்கின.

அவன் அவையில் விழுங்கியது எது என்று உமைநங்கைக்கு அப்போது தெரிந்தது. தன் பெயரைச் சொல்லியிருந்தால் அவன் கையோடு மீண்டிருப்பான். அவள் சாட்சி பொய்யாகியிருக்கும்.

"தந்தையே, நான்..."

"அமைச்சரே!" என்று குவாவன் உரக்க இடைமறித்தான். "நீர் தேடும் இளவரசர் இங்கில்லை. நான் கள்வன். இந்தத் தேவியின் சரத்தைத் திருடினேன். அவையறிய மும்முறை சொல்லியாயிற்று."

"இவனா உங்கள் இளவரசன்?" என்றார் விழுப்பரையர்.

அமைச்சர் துணிக்கட்டிலிருந்து கண்களை உயர்த்தினார்.

"அல்லன். எங்கள் இளவரசருக்கு இரண்டு கைகள் உண்டு."

சொல்லிவிட்டுத் தம் பட்டு மேலாடையைக் கழற்றி, ஓடத்தின் ஈரப்பலகையில் கள்வன் அமர்வதற்காக விரித்தார். விழுப்பரையர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓடம் நிலவுக்குள் சென்று சிறுத்தது. உமைநங்கையின் நாக்கு அவளிடமே இருந்தது. அதன் பிறகு அவள் பேசி அந்தக் கோட்டையில் எவரும் கேட்டதில்லை.