சாரதி இருக்கை

கார் நின்றபோது முன்னால் யாருமே இல்லை.

டென்மார்க்கில், எஸ்பியர்க்கிலிருந்து கோல்டிங் திரும்பும் பழைய வீதி டிசம்பர் மாதத்துப் பின்னேரம் நாலு மணிக்கே இருண்டு போயிருந்தது. முன்விளக்குகளின் வெளிச்சத்தைச் சில அடிகளுக்கு அப்பால் விடாமல் பனிப்புகார் விழுங்கிக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரியாத வயலொன்றில் காற்றாலையின் இறக்கைகள் சுற்றுக்கு ஒரு தடவை நீண்ட மூச்சு இழுப்பதுபோல் சரோஜினிதேவிக்குக் கேட்டது.

காரின் திரையில் மட்டும் ஒருவர் நின்றார். சாம்பல் நிறம். முகம் இல்லை. தன் கண்ணுக்குத் தெரியும் மனிதர்களைக் கார் அப்படித்தான் காட்டும்.

"ஆரப்பா அது?"

"ஒருத்தருமில்லை. உன்னோடை சேந்து காரும் பயப்பிடப் பழகிட்டுது."

சாரதி இருக்கையில் இருந்த கணவர் சிவானந்தன் சிரித்தார். தானாக ஓடும் கார்களைச் சோதிக்கும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி நேற்றுத்தான் இதைக் கொடுத்திருந்தார்கள்.

உருவம் அசையவில்லை. காரும் அசையவில்லை. அவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ... காலமை நான் சந்தனப்பொட்டு வைச்சனான்."

"எதுக்கு?"

"காருக்குத்தான். புது வாகனமெல்லே. முன்னுக்கு, நடுவிலை, சின்னக் கண்ணாடி வட்டமொண்டு இருந்தது..."

"அடி விசரி, அதுதான் கமரா! கண்ணுக்குள்ளை அப்பிப்போட்டு ஆரெண்டு என்னைக் கேக்கிறாய். இரு, துடைச்சிட்டு வாறன்."

"இறங்காதேங்கோ. இது வெளிக்கிட்டால்?"

"சாரதி சீற்றிலை ஆள் இல்லாட்டி இது ஓரடி அரக்காது. ஆரையும் அடிச்சால் பொறுப்புச் சொல்ல ஒராள் வேணுமே? அதுக்குத்தானே என்னை இதிலை இருத்தி வைச்சிருக்கிறாங்கள்."

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். இருந்தெழுந்த பள்ளம் இருக்கையில் மெல்ல மெல்ல நிரம்பியது. திரையில் டேனிஷ் எழுத்துகள் வந்தன: சாரதி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அவர் முன்னால் குனிந்து கழுத்துச் சால்வையால் துடைத்தார். திரை தெளிந்தது.

உருவம் போகவில்லை. இப்போது விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்தன. அதன் அருகே இன்னொன்று, குனிந்தபடி. அது அவர்.

நிமிர்ந்து நின்ற உருவம் நடக்கத் தொடங்கியது. காரின் மூலையைச் சுற்றி. சாரதிப் பக்கமாக.

அவள் யன்னலைப் பார்த்தாள். புகார் மட்டும்.

திரையில் இப்போது ஒரே ஒரு உருவம்: அவர்.

கதவு திறக்கவில்லை. இருக்கை அமுங்கியது. மெதுவாக. ஒரு ஆளின் பாரத்துக்கு.

எழுத்து மாறியது: சாரதி இருக்கிறார்.

கால்களுக்குக் கீழே மோட்டாரின் மெல்லிய ரீங்காரம். அவள் கத்தினாள். கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அடித்தாள். வெளிச்சத்தின் நடுவே சிவானந்தன் நிமிர்ந்து, முடிந்துவிட்டது என்று சால்வையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

திரையில் அவருடைய உருவம் அணைந்தது.

காரின் கண்ணுக்கு வீதி வெறுமை.