சிவப்பு அண்ணன்

நட்டுவுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்குக் கை கால் கிடையாது, நான்கு சக்கரங்கள்தான்.

"இவன்தான் இந்த வீட்டுக்கு மூத்தவன். நீ ரெண்டாவது" என்று அம்மா சொல்லிச் சொல்லி, நட்டுவும் அந்தக் காரை அண்ணன் என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். அம்மா சொல்வதிலும் தப்பில்லை. அவருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

வேகமாக ஓடுவதற்கென்றே செய்த கார் அது. இரண்டே கதவுகள். பாயப்போகும் பூனைபோலத் தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும். ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. இப்போது பானெட் மட்டும் வெளிறிப் பல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. இருக்கைகள் பிய்ந்தபோது, தையல்காரரான அப்பா புது உறை தைத்துப் போட்டார். கடையில் வேறு துணி இல்லாததால் ஓட்டுநர் இருக்கைக்குக் கட்டம், பக்கத்து இருக்கைக்குப் பூப்போட்டது.

நட்டுவுக்கு அந்தப் பெயர் வந்ததும் அண்ணனால்தான். தவழும் வயதில் கார் ஷெட்டுக்குள் போனவள், கீழே கிடந்த ஒரு நட்டை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாளாம். யார் கெஞ்சியும் விரலைப் பிரிக்கவில்லையாம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டிலும் தெருவிலும் நட்டுதான்.

ஞாயிறு காலையில் அம்மா பானெட்டைத் திறப்பார். நட்டு டார்ச் பிடிப்பாள். ஆயில் அளவு, தண்ணீர், பெல்ட் எல்லாவற்றையும் பார்த்த பிறகு அம்மா சாவியைத் திருப்புவார்.

அண்ணன் உறுமுவான். ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சமையலறையில் மூடிகள் ஜல்ஜல் என்று ஆடும். "எழுந்துட்டான் உன் மகன்" என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அதற்குப் பிறகு அம்மாவும் நட்டுவும் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று.

ஒரு ஞாயிறு, சாவியைத் திருப்பிய சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா நின்றிருந்தார். தலை கலைந்திருந்தது. தோளில் சின்னத் துணி மூட்டை. அதற்குள்ளிருந்து, அதன் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய அழுகை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. பாப்பா குறைமாசத்துல பொறந்தவ. சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுது. இப்பத்தான் தூங்க வெச்சேன்."

அம்மா ஓடிப்போய் எஞ்சினை அணைத்தார். "எனக்குத் தெரியலம்மா. பாப்பா எப்ப தூங்கும்னு சொல்லு, அந்த நேரத்துல வண்டியைத் தொடவே மாட்டேன்."

"அது அவளுக்கே தெரியாதுக்கா" என்றார் அந்த அக்கா. சிரிக்கப் பார்த்தார், தூக்கம்தான் வந்தது.

அதிலிருந்து அம்மா காரை எடுக்கவில்லை.

"பழைய தலையணை ஒண்ணைப் புகைக் குழாய்க்குள்ள திணிச்சா என்ன?" என்று அப்பா யோசனை சொன்னார்.

"உங்க மூக்குல திணிச்சுப் பாருங்க, எப்படி இருக்குன்னு" என்றார் அம்மா.

ஆனாலும் சில மாலைகளில் அவர் ஷெட்டுக்குப் போய், சாவி இல்லாமலே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். நட்டு பூப்போட்ட இருக்கையில் ஏறிக்கொள்வாள். நின்ற காரிலேயே பழைய பயணங்கள் தொடங்கும்.

"உங்கப்பா முதல் தடவை இதுல ஏறினப்ப, கண்ணை மூடினவர் வீடு வந்துதான் திறந்தார். 'கடல் அழகா இருந்துச்சு இல்ல?'ன்னு கேட்டேன். 'ரொம்ப அழகு'ன்னார்."

நட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் பொறந்த கதை சொல்லும்மா."

"உங்கப்பாவுக்கு அப்ப ஓட்டத் தெரியாது. எனக்கு வலி எடுத்துடுச்சு. நானே ஓட்டினேன். ஒவ்வொரு தடவை வலி வரும்போதும் ஓரமா நிறுத்துவேன். விட்டதும் மறுபடி கிளம்புவேன். அன்னிக்கு இவன் ஒரு குலுக்கல் குலுக்கல. அவ்வளவு பதவிசா வந்தான்." அம்மா ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "இப்பப் பாரு, டயர்ல காத்து இறங்குது. ஓடாம நின்னா ரப்பரெல்லாம் காஞ்சு வெடிச்சுடும்."

பிறகு நட்டுவைப் பார்க்காமலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வண்டியைப் பார்க்க வராரு. வாங்கிக்கறேன்னு சொல்றாரு."

"அண்ணனைப் போய் யாராவது விப்பாங்களா?"

அம்மாவின் பார்வை ஷெட்டின் மூடிய கதவிலேயே இருந்தது.

ஞாயிறு வந்தது. வந்தவர் தடித்த கண்ணாடி போட்டவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, கேட்போம்" என்றார்.

அம்மா நட்டுவைப் பார்த்தார். நட்டு வெளியே போய்ச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது. பாப்பா தூங்குகிறது.

சத்தம் கேட்காமல் யார் கார் வாங்குவார்கள்? சும்மா இருந்தால் போதும், அவர் திரும்பிப் போய்விடுவார். நட்டுவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு அந்த டயர்கள் நினைவுக்கு வந்தன. யாரிடமாவது ஓடிக்கொண்டிருப்பான் என்றால் பரவாயில்லை. இங்கே ஷெட்டுக்குள் நின்றே காய்ந்துபோனால்?

அவள் உள்ளே வந்தாள். "அம்மா, நம்ம தெரு சரிவுதானே? கியர் போடாம முனை வரைக்கும் தள்ளிட்டுப் போயிடலாம். அங்க போய் ஸ்டார்ட் பண்ணலாம். பாப்பாவுக்குக் கேக்காது."

அம்மா அவளையே பார்த்தார். "பிரேக் இறுக்கமா இருக்கும். மெதுவாத்தான் விடணும்" என்று சொல்லிக்கொண்டே, காற்றடிக்கும் பம்பை எடுத்தார்.

அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். அப்பாவும் கண்ணாடிக்காரரும் பின்னால் கை கொடுத்தார்கள். நட்டுவின் கையில் ஒரு மரக்கட்டை. நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. பாப்பாவின் ஜன்னலைக் கடக்கும்போது அப்பா நுனிக்காலில் நடந்தார். அதைப் பார்த்துக் கண்ணாடிக்காரரும் நுனிக்காலில் நடந்தார்.

தெருமுனையில் அம்மா சாவியைத் திருப்பினார். முதலில் இருமல். மறுபடி இருமல். பிறகு அந்த உறுமல். நட்டுவின் நெஞ்சுக்குள்ளும் அது அதிர்ந்தது.

அம்மா கண்ணாடிக்காரரை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அம்மாவின் முடியெல்லாம் காற்றில் கலைந்து, முகம் பளிச்சென்றிருந்தது. இவ்வளவு நாளாக அந்த முகத்தை நட்டு பார்க்கவே இல்லை.

"அருமையா வெச்சிருக்கீங்க. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

நட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, வாரா வாரம் இப்படியே தள்ளிட்டு வந்துடலாமே. அப்புறம் எதுக்கு விக்கணும்?"

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவ்வளவு எளிதாக இருந்தது.

"இறக்கினது சரி" என்றார் அப்பா மெல்ல. "மேல ஏத்தறது யாரு?"

கண்ணாடிக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். விற்க மனமில்லை என்று அங்கேயே எழுதியிருந்தது. பெருமூச்சு விட்டுச் சட்டைக் கையை மடித்தார். "வாங்க வந்தவனைத் தள்ள வெச்சுட்டீங்களே" என்று முணுமுணுத்தபடி பின்பக்கம் போனார்.

மேட்டில் அண்ணன் நல்ல கனம் கனத்தான். நாலு அடி தள்ளுவார்கள். "கட்டை" என்று அம்மா கிசுகிசுப்பார். நட்டு பக்கவாட்டிலிருந்து சக்கரத்தடியில் கட்டையை வைப்பாள். எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். நடுவழியில் திரை விலகியது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார். சற்று நேரத்தில் அவருடைய கணவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து தோள் கொடுத்தார்.

"எங்களுக்காகவா இவ்வளவு பாடு?" என்று கேட்டார்.

"உஷ்" என்றார் கண்ணாடிக்காரர். "பாப்பா தூங்குது."

அடுத்த ஞாயிறு எதிர்வீட்டுத் தபால்காரரும் வந்தார். பிறகு மாடிவீட்டு இரட்டையர்கள். தள்ளியவர்களில் ஒருவருக்குப் பூப்போட்ட இருக்கையில் ஒரு சுற்று உண்டு என்று நட்டு அறிவித்தபின், கூட்டம் இன்னும் கூடியது. கண்ணாடிக்காரர் ஒரு வாரமும் தவறவில்லை. தெரு முழுக்கக் கிசுகிசுத்துக்கொண்டே கார் தள்ளியது.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. பாப்பா கொழுகொழுவென்று ஆனாள். ஒரு ஞாயிறு காலை பக்கத்து வீட்டு அக்கா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, இனிமே இங்கேயே ஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப இடி இடிச்சாலும் எழுந்திருக்க மாட்டா."

அம்மா சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டைத் திறந்தார். வெளியே தபால்காரர், இரட்டையர்கள், பாப்பாவின் அப்பா, கண்ணாடிக்காரர் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொரு முகமாக வாடியது.

"அப்ப நாங்க வீட்டுக்குப் போகலாமா?" என்றார் தபால்காரர்.

அம்மா சாவியைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் விடுவித்தார்.

"நட்டு" என்று கிசுகிசுத்தார், "கட்டையை எடு."