ஆர்லனின் ஊமைக் கணினி

ஆர்லன் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. ஏரிக்காற்று காதை அறுத்தது. வாசல் பனியை யாரும் அள்ளிப் போடவில்லை. கர்ட் முன்னால் நடந்து பூட்ஸால் மிதித்து வழி செய்தான். ஜனவரியில் எங்கள் ஊர் டுலூத் இப்படித்தான், இதில் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்ததும் ப்ளீச் வாடை மூக்கில் ஏறியது. ஆர்லன் மண்டை பிளந்து கிடந்த இடத்தை அவன் அக்கா ஜனெல் ஒரு வாரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மரத்தரையில் கறை இன்னும் போகவில்லை.

கொலைக்காகச் சிறையில் கிடந்தது ஜனெலின் மகன் ட்ரெவர். கொலை நடந்த அன்று காலை கடைத்தெருவில் மாமனும் மருமகனும் கத்திக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. திங்கட்கிழமை கோர்ட்.

ஆர்லன் செத்த நேரத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, தான் நடத்தும் மீன்பிடி நிகழ்ச்சியைத் தன் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தான். பதிவு பத்திரமாக இருந்தது, போட்டால் ஓடியது, ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து துளி சத்தம் வரவில்லை. அது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று கேட்டதும் போலீஸ்காரர்கள் தலையைச் சொறிந்துவிட்டு அதை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்.

"அதுல எம்புள்ள குரல் இருக்கக்கூடாது, லைல்," என்றாள் ஜனெல் என்னிடம். "வேற எவன் குரலா இருந்தாலும் சரி."

ஆர்லன், கர்ட், நான் மூவரும் சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் லினக்ஸ் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எங்கள் கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவன் ரிப்பேர் பார்த்தால் பக்கத்தில் நிற்பவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கர்டுக்கு அது முற்றிப்போன வியாதி. நான் கூப்பிடவே இல்லை, தானாக வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். விளக்கு எரிந்தது. சத்தத்தை முழுக்க ஏற்றினேன். ஒன்றுமில்லை. ஒலி அட்டையைக் கணினி அடையாளம் கண்டிருக்கிறதா என்று பார்த்தேன். கண்டிருந்தது.

"நீ முடிக்கறதுக்குள்ள ஏரியே உருகிடும்," என்றான் கர்ட். "எதுக்கு இந்தப் பாடு? பெல் அடிச்சதும் மைக்க மூடிட்டான். அதுக்கப்புறம் அதுல ஒண்ணும் இருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"எப்பவும் அப்படித்தான செய்வான்," என்று சேர்த்துக்கொண்டான்.

இல்லை. ஆர்லன் மைக்கை மூடவே மாட்டான். யார் வந்தாலும் இழுத்து உட்கார வைத்து நாலு வார்த்தை பேசவிடுவான், அதுதான் அவன் நிகழ்ச்சியின் வேடிக்கையே. அதைக் காட்டிக்கொள்ளாமல் கணினியில் அடுத்ததைப் பார்த்தேன். ஒலி, மானிட்டர் பக்கம் திருப்பிவிடப்பட்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஸ்பீக்கர் பக்கம் மாற்றினேன்.

"ஒண்ணு, ரெண்டு. கேக்குதா?"

ஜனெல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லன் எந்த நிகழ்ச்சியையும் இப்படித்தான் தொடங்குவான். பனிக்கட்டி எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான். பெல் அடித்தது. "தொறந்துதான் இருக்கு, வா," என்றான். பூட்ஸ் சத்தம் நெருங்கியது. டக்கென்று மைக் விசை.

பிறகு அமைதி. திரையில் ஒலிக்கோடு தட்டையாகப் படுத்துவிட்டது.

"சொன்னேன்ல," என்றான் கர்ட். "கெளம்பலாம்."

ஜனெல் அவனையே பார்த்தாள். "பெல் அடிச்சது உனக்கு எப்படித் தெரியும், கர்ட்?"

கர்ட் வாசல் பக்கம் நகர்ந்தான்.

பதிலை ஸ்பீக்கர் சொன்னது, ஆர்லன் குரலில்.

"கார் பம்பர மாத்திட்டா அந்தப் பொண்ணு எழுந்து வந்துடுவாளா, கர்ட்? நானே போலீசுல சொல்லிடறேன்."

திரையில் கோடு அசையவில்லை.

போன குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை எவனோ காரால் அடித்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். எவனென்று அதுவரை தெரியவில்லை.

ஸ்பீக்கரில் அடி விழுந்தது. பனி உடைக்கும் கடப்பாரையின் சத்தம் எனக்குத் தெரியும். இது பனியில் விழவில்லை. எலும்பு நொறுங்கி, அதன்மேல் ஈரமாக இன்னொரு அடி விழுந்தது. தொண்டையில் ரத்தம் கொப்பளிக்க ஆர்லன் மூச்சிழுத்தான். ஜனெல் அலறினாள்.

கர்ட் என் கருவிப் பையிலிருந்த சுத்தியலை எடுத்தான். முதல் அடியில் மானிட்டர் சிதறியது. தடுக்கப் போன என் முழங்கைமீது அடுத்தது விழுந்தது. எலும்பு முறிந்த சத்தமும் அந்தச் சத்தங்களோடு கலந்தது. அவன் ஜனெலின் தலைமுடியைப் பற்றி அவளைச் சுவரில் மோதினான். ஒயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக அடித்துத் தூளாக்கினான்.

அடிச் சத்தம் நிற்கவில்லை.

தரையிலிருந்து வந்தது. கறை இருந்த இடத்திலிருந்து.

"கேக்குதா?"

கர்ட் காதைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். "நிறுத்து, ஆர்லன்," என்று முனகினான். "போதும்டா."

"கேக்குதா?"

என் பையில் நீளமான திருப்புளி ஒன்று இருந்தது. அவன் அதை எடுத்தபோது எங்களைக் குத்தத்தான் வருகிறான் என்று நினைத்து ஜனெலை இழுத்துக்கொண்டு மூலைக்கு ஒதுங்கினேன். அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. தன் வலது காதில் வைத்து உள்ளங்கையால் அறைந்தான். பிறகு இடது காதில். ரத்தம் கழுத்து வழியே சட்டைக்குள் ஓடியது.

ஆம்புலன்சில் எல்லாவற்றையும் கத்திக் கத்தி ஒப்புக்கொண்டான். தன் குரல் தனக்கே கேட்காததால் வழி முழுக்கக் கத்தினானாம். கணினியின் வட்டு எப்படியோ பிழைத்திருந்தது. போலீஸ்காரர்கள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். விசைக்குப் பிறகு அதில் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

ட்ரெவரை விடுவிக்கும் காகித வேலைகள் முடியச் சில நாட்களாயின. அதற்குள் கர்டை ஆஸ்பத்திரியிலிருந்து சிறையில் அவனுக்குப் பக்கத்து அறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். விடுதலையாகி வந்த ட்ரெவர் அம்மா மடியில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதான். பிறகு கட்டுப்போட்ட என் கையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டான்.

"கர்டுக்கு ரெண்டு காதும் சுத்தமா போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாராமே, நெஜமா?"

"நெஜந்தான்," என்றேன்.

"அப்புறம் ஏன் நாள் முழுக்க 'கேக்குது, ஆர்லன், கேக்குது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்?"

"பைத்தியம் புடிச்சிருக்கும். விடு."

ட்ரெவர் இல்லையென்று தலையசைத்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அவன் ஒவ்வொரு தடவ பதில் சொல்றதுக்கு முன்னாலயும், செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேந்து மாமா எண்ணுறது எனக்கும் கேட்டுது, லைல். ஒண்ணு, ரெண்டு."