வாசல், ஏழு பத்து

"நேத்து மத்தியானம் அண்ணி எங்க இருந்தாங்கன்னு கேளு அண்ணா... நான் சொன்னா நல்லா இருக்காது!"

மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார், சமையல் மேடையில் தயாராக இருந்த தன் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்தபடியே இதைச் சொன்னாள். டப்பா கட்டிக் கொடுத்தது அந்த அண்ணிதான்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவன், அடுப்படியில் நின்ற மனைவி பக்கம் திரும்பினான். "லைப்ரரின்னுதானே சொன்ன?"

"லைப்ரரியாம்! ஆபீஸ் வேலையா போன ஊர்ல, ஸ்டேஷன் வாசல்ல, என் ரெண்டு கண்ணால பாத்தேன். கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க... யாரோ வரப்போற மாதிரி!"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... இதையெல்லாம் காதால கேக்கணும்னுதான் நான் இன்னும் உசிரோட இருக்கேனா! ஊசி போடத் தெரியாட்டியும் என் மருமக டாக்டருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே!"

மருமகள் அடுப்பை அணைத்தாள். டாக்டர்தான் அவள். மண்ணுக்கடியில் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். அதற்குப் பிறகு ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மூன்று ஆண்டு 'போஸ்ட்டாக்' பார்த்தால்தான் அந்தப் படிப்புக்கு ஒரு கதி. அதிலும் பட்டம் வாங்கி ஐந்து ஆண்டுக்குள் சேர்ந்தாக வேண்டும். ஐந்தாவது ஆண்டு இந்த மாதத்தோடு முடிகிறது.

போன நான்கு ஆண்டும் மாமனாரோடு போயிற்று. பக்கவாதத்தில் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, நிற்க வைத்து, தினமும் மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் நடக்க வைத்தவள் அவள்தான். வியாழக்கிழமை மட்டும் பயிற்சியாளர் வீட்டுக்கு வருவார். வாரத்தில் அவள் வெளியே கால் வைக்க அந்த ஒரு நாள்தான்.

"யாரைப் பாக்கப் போன?" என்றான் கணவன்.

"யாரையும் பாக்கல. ஒரு ஆய்வுக்கூடத்துக் கேட்டு வரைக்கும் போனேன். மணி பாத்தேன். திரும்பி வந்துட்டேன்."

நாத்தனார் சிரித்தே விட்டாள். "கேட்டைத் தொட்டுட்டு ஓடி வர்றதுக்கு இதென்ன கண்ணாமூச்சியா அண்ணி?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். அவன் முன்னும் பின்னும் புரட்டினான்.

"என்னது இது? வெறும் மணியா எழுதி வெச்சிருக்க?"

"இங்க... குடுடா..."

நாற்காலியிலிருந்து வந்தது மாமனாரின் குரல். முப்பது வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். பேச்சு இப்போது குழறும், கண் குழறவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவினார்.

"டிரிப் ஷீட்டுடா இது... மூணு வாரம், மூணு ரூட்டு. ரெண்டாவதப் பாரு. எழுந்தது நாலரை. வாசல் ஏழு பத்து. ரயில் ஏழு நாப்பது. கேட்டு ஒம்பது." மூச்சு வாங்கினார். "சாயங்காலம் நாலுக்குக் கிளம்பினா வீடு அஞ்சு அம்பது. அஞ்சு மணிக்கு எனக்கு நடை... அதான் இந்த ரூட்டக் கோடு போட்டு அடிச்சிருக்கா."

"ரொம்பத் தூரம்ல, அதான்..." என்றான் கணவன்.

"தூரமா? வழியில வண்டி ஒரு நிமிஷம் நிக்கல. டெப்போவுல எடுக்கவே லேட்டுடா! நாலரைக்கு எழுந்தவ ஏழு பத்து வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள என்ன பண்ணினா? என்னைக் குளிப்பாட்டினா... உன் சட்டையத் தேச்சா... உனக்கு, அவளுக்கு, உங்கம்மாவுக்குன்னு டப்பா டப்பாவா அடைச்சா... ஒரு மணி நேரம் முன்னாடி விட்டிருந்தீங்கன்னா எட்டுக்குக் கேட்டு... மூணுக்குக் கிளம்பி, அஞ்சுக்குள்ள வந்திருப்பா..."

நோட்டை மூடி மகனிடம் நீட்டினார். நாத்தனார் பையைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கலாமே அண்ணி..."

"எப்படிச் சொல்றது? பேரைச் சொன்னாலே, அவ்ளோ தூரமா, சரிப்பட்டு வராதுன்னு உக்காந்த இடத்துலயே கணக்குப் போட்டுடுவீங்க. அதான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அதுக்கு ஏன்மா திருட்டுத்தனமா?" மாமியாரின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஒரு இடம் கெடைச்சாச்சு அத்தே." எல்லோரும் நிமிர்ந்தார்கள். "ராத்திரி ரயிலேறினா மறுநாள் காலைல போய்ச் சேர்ற ஊரு. தங்க ரூமும் தர்றாங்க. பதில் சொல்ல மூணு வாரம் டைம் கேட்டேன். அதை வேண்டாம்னு சொல்லத்தான், தினம் போயிட்டு வர்ற தூரத்துல ஒரு இடம் தேடி அலைஞ்சேன்... உங்களையெல்லாம் விட்டுட்டுப் போகக் கூடாதேன்னு! அந்த அலைச்சலுக்குத்தான் இப்போ இந்தப் பேரு!"

அதுவரை நின்றிருந்த கண்ணீர் அப்போதுதான் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னை மன்னிச்சிடு... புத்தியில்லாம கேட்டுட்டேன். காலை வேலைய நான் பாத்துக்கறேன். அப்பாவையும் நானே குளிப்பாட்டறேன். நீ அந்த ரெண்டாவது இடத்துக்கே அப்ளிகேஷன் போடு. காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்!"

அவனையே பார்த்தாள். இந்தச் சொற்களுக்காகத்தான் நாலு வருடமாகக் காத்திருந்தாள்.

"அதுக்கு முந்தாநாளே கடைசித் தேதி முடிஞ்சுபோச்சுங்க."

"ஒரு வார்த்தை... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டு வாங்கற வார்த்தையா அது?"

அவன் உடைந்துபோனான். எல்லோர் எதிரிலும் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். மாமியாரும் அருகில் வந்து மருமகளின் தலையைத் தடவினாள். "தப்புப் பண்ணிட்டோம்டி... எங்களை விட்டுட்டுப் போயிடாதே..."

அவள் இடது கையால் கணவனின் முதுகை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். கோபம் ஏதும் மிச்சமில்லை. மிச்சமிருந்தது இன்று சாயங்காலம் வரைக்குமான கெடு மட்டும்தான். வலது கையால் மேடை மேலிருந்த போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா எழுதுற?"

"அந்த ஊருக்குத்தான் அத்தே. ஒத்துக்கறேன்னு."

அவன் அழுது முடிக்கும் வரை நகராமல் நின்றாள். எழுதுவதையும் நிறுத்தவில்லை.